குளிர்காலத்தில் பழைய கன்வெர்டிபிள்: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டறியும் வழிமுறை

பழைய கன்வெர்டிபிள் காரை, அதாவது துணிக்கூரையை மடித்துத் திறக்கக்கூடிய காரை, பனிக்காலம் முழுவதும் உறையிட்டு மூடி வைப்பதே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். முறையாகப் பராமரித்தால் அத்தகைய காரை உறைநிலைக்குக் கீழும் நாள்தோறும் ஓட்ட முடியும். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி போன்ற, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் கொண்ட வண்டிகளுக்கும், 1989இல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கும் பொதுவான பழுதுகளே இங்கு விளக்கப்படுகின்றன. வண்டியில் தென்படும் அறிகுறியைத் தலைப்புகளில் தேடி, அதன் கீழுள்ள சோதனைகளைச் சொல்லப்பட்ட வரிசையிலேயே செய்து வாருங்கள். எளிய, செலவில்லாத சோதனைகளே பெரும்பாலும் முதலில் தரப்பட்டுள்ளன.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். குளிர் தானாகவே உண்டாக்கும் பழுதுகள் குறைவு. கோடையிலும் மழையிலும் வண்டிக்குள் நுழைந்து தேங்கிய நீர்தான் குளிர் வந்ததும் கண்ணாடியில் உறைபனியாகவும், பூட்டில் பனிக்கட்டியாகவும், தகட்டில் துருவாகவும் வெளிப்படுகிறது. ஆகவே ஹீட்டரையும் இருக்கைச் சூடேற்றியையும் பற்றி யோசிப்பதற்கு முன்பு வண்டியை உலர்த்துவதற்கே முதல் உழைப்பைச் செலவிட வேண்டும்.

கண்ணாடிகளின் உட்புறம் மூடுபனி படிகிறது. காலையில் உள்ளேயே உறைபனி இருக்கிறது

இதுதான் மிகப் பரவலான அறிகுறி. பலரும் இதை ஹீட்டரின் குறை என்று எண்ணி அங்கேயே தேடுகிறார்கள். உண்மையில் கண்ணாடியில் படிவது, தரைவிரிப்பிலிருந்து ஆவியாகி எழும் நீர். முதலில் இருக்கைகளுக்கு முன்னும் பின்னும் தரைவிரிப்பை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மேற்பரப்பு உலர்ந்ததாகத் தோன்றினாலும் அதை முழுவதுமாகத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சு போன்ற மெத்தையைத் தொட்டுப் பார்ப்பது அவசியம். அந்த மெத்தை பல வாரங்கள் வரை நீரைத் தேக்கி வைத்திருக்கும்.

ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். இருக்கைகளுக்குப் பின்னால் ஈரம் இருந்தால், துணிக்கூரையின் வடிகால்கள் அடைபட்டிருக்க வேண்டும், அல்லது கூரையின் பின்விளிம்பில் நீரை வாங்கும் வாய்க்கால் கிழிந்திருக்க வேண்டும். முன்புறக் கால்வைக்கும் இடத்தில் ஈரம் இருந்தால், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பொருத்தப்பட்டிருக்கும் பள்ளத்தில் சருகுகள் அடைத்துக்கொண்டிருக்கலாம். அந்த ஈரம் இனிப்பு வாடை வீசி, முன்கண்ணாடியில் எண்ணெய் போன்ற படலமும் படிந்தால், அது மழைநீர் அன்று. ஹீட்டரின் சிறு ரேடியேட்டரிலிருந்து கசியும் கூலன்ட். கதவை ஒட்டிய பகுதி மட்டும் நனைந்திருந்தால், கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் அடைபட்டுள்ளனவா என்று பாருங்கள். அவை அடைபட்டால் கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேற வழியின்றி உட்புறமாக வழியும்.

துணிக்கூரையின் வடிகால்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வகைக் கார்களின் ஆயுளே அவற்றைப் பொறுத்தது. எம்எக்ஸ்-5இல் கூரையின் மேல் விழும் மழைநீர் பின்புற வாய்க்காலில் சேர்ந்து, சீட் பெல்ட் கம்பங்களின் அடியிலுள்ள இரு துளைகள் வழியாகக் கீழிறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரையில் விழுகிறது. இலைத்துகளும் தூசியும் அந்தத் துளையில் சேர்ந்து களிமண் போல இறுகிவிட்டால், நீர் திரும்பி வண்டியின் தரையிலும், கதவுகளுக்குக் கீழே ஓடும் அடிப்பெட்டிக்குள்ளும் நிரம்புகிறது. கூரையைப் பாதியளவு திறந்துவைத்து, துளையில் ஒரு குவளை நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஊற்றிய வேகத்திலேயே அது வண்டிக்கு அடியில் விழ வேண்டும். தயங்கி நின்றால், நுனி மழுங்கிய தடித்த நைலான் கம்பியை மெல்லச் செலுத்தி அடைப்பை நீக்குங்கள். விறைப்பான இரும்புக் கம்பி உள்ளிருக்கும் குழாயைக் கிழித்துவிடும். காற்றழுத்தமும் குழாயைப் பிணைப்பிலிருந்து கழற்றிவிடக்கூடும். குழாய் கிழிந்தாலோ கழன்றாலோ நீர் நேராக அடிப்பெட்டிக்குள் இறங்கும்; அது வெளியில் தெரியவும் தெரியாது.

கசிவை நிறுத்திய பிறகே உலர்த்த வேண்டும். தரைவிரிப்பையும் மெத்தையையும் வெளியே எடுத்துக் காயவைத்து, வெறும் தகட்டைத் துடைத்து, துரு தென்பட்டால் அப்போதே கவனித்து, அதன் பின்னரே மீண்டும் விரியுங்கள். பனிக்காலத்துக்கு விளிம்பு உயர்ந்த ரப்பர் விரிப்புகளே பொருத்தமானவை, ஏனெனில் காலணியில் ஒட்டிவரும் பனி உருகித் தரைவிரிப்பில் ஊறாமல் அவற்றிலேயே தங்கும்; பயணம் முடிந்ததும் கொட்டிவிடலாம்.

இவ்வளவும் செய்த பின்னும் மூடுபனி படிந்தால், காற்றோட்டத்தைச் சரிபாருங்கள். உட்காற்றையே மீண்டும் சுழலவிடும் நிலையில் நெம்புகோல் இருந்தால், மூச்சிலுள்ள ஈரம் உள்ளேயே தங்கும். வெளிக்காற்று நிலைக்கு மாற்றுங்கள். ஏசி உள்ள வண்டியில் ஹீட்டரோடு சேர்த்து ஏசியையும் இயக்கினால் காற்று உலரும், ஆனால் உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரசர் தானாக நின்றுவிடும் என்பதால் கடுங்குளிரில் அதை நம்பியிருக்க முடியாது. கண்ணாடியின் உட்புறத்தை நன்றாகத் துடைத்து வைப்பதும் கைகொடுக்கும், ஏனெனில் புகைப்படலமும் எண்ணெய்ப்பசையும் படிந்த கண்ணாடியில் ஈரம் விரைவாக ஒட்டிக்கொள்ளும்.

பின்புறப் பிளாஸ்டிக் சாளரம் விரிகிறது. கூரை விறைத்து மடிய மறுக்கிறது

வினைல் குளிரில் இறுகும். சாளரமாகப் பயன்படும் ஒளிபுகும் பிளாஸ்டிக் அதைவிட மோசமாக நொறுங்கும். உறைநிலையை ஒட்டிய குளிரில் கூரையை மடித்தால், மடிப்பு விழும் கோட்டிலேயே சாளரம் விரிந்துவிடும். ஆகவே, குளிர்நாளில் கூரையைத் திறந்தே தீர வேண்டுமென்றால், ஹீட்டரை நெடுநேரம் ஓடவிட்டு உட்புறம் நன்றாகச் சூடான பிறகு, சாளரத்தைச் சுற்றியுள்ள ஜிப்பை முதலில் திறந்து சாளரத்தைத் தட்டையாகக் கிடத்திவிட்டு, அதன் பின்னரே கூரையை இறக்குங்கள். ஜிப் இல்லாத வண்டிகளில் குளிர்காலத்தில் கூரையைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

சாளரத்தில் படிந்த உறைபனியைச் சுரண்டக் கூடாது. கண்ணாடிக்கென்று செய்யப்பட்ட சுரண்டி பிளாஸ்டிக்கில் ஆழமான கீறல்களை விடும். சுடுநீர் ஊற்றுவதும் தவறு. உட்புறச் சூட்டில் அது இளகும்வரை பொறுத்திருந்து, மென்துணியால் ஒற்றியெடுங்கள். கூரையின் மேல் குவிந்த பனியை மென்மையான தூரிகையால், நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தள்ளுங்கள். ஈரமான பனியின் எடை கூரைச் சட்டத்தையே வளைத்துவிடும் என்பதால், பெரும்பனி பெய்யும் இரவுகளில் அதை விடியும்வரை விட்டுவைக்காதீர்கள்.

மோட்டாரால் இயங்கும் கூரை பாதியில் நின்றால், ஹைட்ராலிக் எண்ணெய் குளிரில் தடித்திருக்கலாம், அல்லது பேட்டரி மின்னழுத்தம் குறைந்திருக்கலாம். என்ஜினை ஓடவிட்டு, உட்புறம் சூடான பின் மீண்டும் முயலுங்கள். அப்போதும் நகரவில்லையென்றால் சுவிட்சைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்காமல், வண்டியின் கையேட்டில் சொல்லப்பட்ட முறையில் கையால் மூடுங்கள்.

கதவு ஒட்டிக்கொள்கிறது, பூட்டு திரும்பவில்லை, மடக்கு விளக்கு எழவில்லை

கன்வெர்டிபிள் கதவுகளில் கண்ணாடிக்குச் சட்டம் இல்லை. கண்ணாடியின் விளிம்பு நேராக ரப்பர் பீடிங்கில் அழுந்தி நிற்கிறது. இரவில் அந்த இடைவெளியிலுள்ள ஈரம் உறைந்து இரண்டையும் ஒட்டிவிடுகிறது. கைப்பிடியைப் பிடித்து வேகமாக இழுத்தால் பீடிங் பெயர்ந்து வரும். கதவை முதலில் உள்நோக்கி அழுத்தி உறைவை உடைத்துவிட்டு, பிறகு மெல்ல இழுங்கள். நிரந்தரத் தீர்வாக, குளிர் தொடங்கும் முன்பே பீடிங்குகளைக் கழுவி உலர்த்தி, சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். பெட்ரோலியம் ஜெல்லியையும் என்ஜின் ஆயிலையும் தவிர்க்க வேண்டும், அவை பலவகை ரப்பரை உப்பவும் இளகவும் செய்யும். உறைந்து ஒட்டிய கண்ணாடியை மோட்டாரால் இறக்க முயன்றால் கண்ணாடியை ஏற்றியிறக்கும் பொறி உடையக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூட்டுத் துளைக்குள் கிராஃபைட் தூளையோ உலர்வகை மசகையோ இடலாம். சாவியைச் சற்றுச் சூடாக்கிச் செருகுவது அவசரத்துக்கு உதவும், ஆனால் வெந்நீர் ஊற்றினால் அடுத்த இரவில் அதுவே மேலும் கெட்டியான பனிக்கட்டியாகிவிடும்.

1997 வரை வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் முகப்பு விளக்குகள் மடங்கி எழுபவை. உறைமழை பெய்தால் அவற்றின் மூடி பனியால் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் திணறி ஃபியூஸ் போகும். உறைமழை எதிர்பார்க்கப்படும் இரவில் விளக்குகளை எழுப்பிய நிலையிலேயே விட்டு, ஒளியை மட்டும் அணைத்துவிடுங்கள். மோட்டார் இயங்காமல் போனால், பானெட்டுக்கு அடியில் ஒவ்வொரு மோட்டாரின் மீதும் ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கும் திருகைக் கையால் சுழற்றி விளக்கை உயர்த்தலாம். அதற்கு முன் அந்த மோட்டாருக்குரிய ஃபியூஸைக் கழற்றிவிடுவது கைக்குப் பாதுகாப்பு.

செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது அல்லது சுற்றவே இல்லை

இரவெல்லாம் ஓய்ந்திருந்த பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு மின்னேற்றம், 12.2 வோல்ட் என்றால் ஏறத்தாழ பாதி; 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் அது காலி. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நல்ல பேட்டரிகூடத் தன் ஸ்டார்ட் செய்யும் திறனில் ஏறத்தாழ பாதியை இழக்கிறது. அதே நேரத்தில் தடித்த ஆயிலைச் சுழற்றக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. இவ்விரண்டும் சேர்ந்துதான் இலையுதிர்காலம் வரை குறையின்றி இருந்ததாகத் தோன்றிய பேட்டரியை முதல் கடுங்குளிரில் கைவிடச் செய்கின்றன. காலியான பேட்டரிக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. முழுதாக மின்னேறிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரிக்குக் கீழேதான் உறையும். காலியானதோ மைனஸ் 10 டிகிரிக்கு அருகிலேயே உறைந்து உறையைப் பிளந்துவிடும். உறைந்த பேட்டரிக்கு ஒருபோதும் சார்ஜ் ஏற்றக் கூடாது.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் செல்ஃப் திணறினால், பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜினின் வெறும் உலோகத்துக்கும் இடையே மீட்டரை வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை (பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உலோகத்தோடு இணைக்கும் பட்டை) அரித்திருக்கிறது அல்லது அதன் போல்ட் துருவேறியிருக்கிறது. பழைய வண்டிகளில் பேட்டரியை மாற்றியும் தீராத பழுதுக்கு இதுவே காரணமாக இருப்பது வழக்கம்.

எம்எக்ஸ்-5இன் முதலிரு தலைமுறைகளில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. தொழிற்சாலையில் வைக்கப்பட்டது அமிலம் சிந்தாத, வாயுக்குழாய் உள்ள வகை. அதற்குப் பதிலாகச் சாதாரணப் பேட்டரியை வைத்தால் வெளிவரும் ஹைட்ரஜன் மூடிய டிக்கியில் சேரும். அமிலத்துளி தரைத்தகட்டை அரிக்கும். மாற்றும்போது வாயுக்குழாய் உள்ள வகையையே வாங்கி, குழாயை வண்டிக்கு வெளியே செல்லுமாறு பொருத்துங்கள்.

என்ஜின் ஆயிலையும் கவனியுங்கள். தர எண்ணில் டபிள்யூ எழுத்துக்கு முன் வரும் எண் குளிரில் ஆயில் இளகியிருக்கும் அளவைக் குறிக்கிறது. 10டபிள்யூ ஆயிலின் சுழற்சிச் சோதனை மைனஸ் 25 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலின் சோதனை மைனஸ் 30 டிகிரியிலும் நடத்தப்படுகிறது. கையேடு அனுமதித்தால் குளிர்காலத்துக்கு 5டபிள்யூ-30க்கு மாறுவது செல்ஃபின் சுமையைக் குறைக்கும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. என்ஜின் பற்றவில்லை, அல்லது ஓடி நின்றுவிடுகிறது

கார்புரேட்டர் வண்டியில் முதலில் சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுவதுமாக மூடுகிறதா என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கண்ணாலேயே பாருங்கள். நெம்புகோலை முழுக்க இழுத்தாலும் கேபிள் நழுவிப் பாதியில் நின்றிருக்கும் வண்டிகள் பல. அடுத்ததாக இருட்டில் என்ஜினை ஓடவிட்டு பிளக் வயர்களைக் கவனியுங்கள். நீலப்பொறிகள் தாவினால் வயர்களையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் மாற்றுங்கள்.

என்ஜின் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சாலையில் சிறிது தூரம் சென்றதும் வலுவிழந்து நின்று, சில நிமிடம் ஓய்ந்த பின் எந்தக் குறையுமின்றி மீண்டும் ஸ்டார்ட் ஆனால், கார்புரேட்டருக்குள் பனி உறைந்திருக்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுவதால், வெளியே உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் ஈரமான நாட்களில்தான் இது அதிகம் நிகழும். வறண்ட கடுங்குளிரில் அரிது. பல வண்டிகளில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றிய சூடான காற்றை ஏர் ஃபில்டருக்குக் கொண்டுவர ஒரு குழாய் உண்டு. முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றிவிட்டு விளையாட்டு வகை ஃபில்டர் பொருத்தியிருந்தால், குளிர்காலத்துக்கு மூல அமைப்பையே திரும்ப வையுங்கள்.

இன்ஜெக்ஷன் வண்டியில் குளிரில் மட்டும் பற்ற மறுப்பதற்கு முதற்சந்தேகம் கூலன்ட் வெப்ப உணரி. அது கெட்டு, என்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதாகச் சொன்னால், கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைத் தராது. பெரும்பாலான பழைய உணரிகளில் 20 டிகிரியில் மின்தடை 2 முதல் 3 கிலோ ஓம் அளவில் இருக்கும். குளிரக் குளிர அது உயர வேண்டும். அளவு உங்கள் வண்டியின் கையேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பியே வைப்பதும் நல்ல பழக்கம், ஏனெனில் வெற்றிடத்திலுள்ள காற்றின் ஈரம் டேங்கின் சுவரில் குளிர்ந்து நீராகிப் பெட்ரோல் குழாயில் உறையக்கூடும்.

ஹீட்டரில் இளஞ்சூடான காற்றே வருகிறது

துணிக்கூரை வண்டியில் ஹீட்டர் முழுத் திறனோடு இருந்தே ஆக வேண்டும். முதலில், என்ஜின் நன்றாகக் குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்கக் கூடாது. அளவு குறைந்திருந்தால் ஹீட்டர்தான் முதலில் குளிரும், ஏனெனில் பெரும்பாலும் அது சுற்றோட்டத்தின் உயரமான இடத்தில் இருக்கிறது.

அளவு சரியாக இருந்தால், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் தொட்டுக்கொண்டிருங்கள், கை ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாமல். அந்த ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிதிறக்கும் வால்வு) திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. வேகமாக ஓட்டும்போது வெப்பமானியின் முள் இறங்குவதும் அதற்கே சான்று. புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்துவதற்கு முன், நீர் நிறைந்த பாத்திரத்தில் வெப்பமானியோடு சேர்த்துச் சூடாக்கி, அதன் மேல் பொறிக்கப்பட்ட வெப்பநிலையில், பொதுவாக 82 முதல் 88 டிகிரிக்குள், திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையைச் செருகிப் பழுதை மறைப்பதை நான் ஏற்பதில்லை. அது நெரிசலில் என்ஜினைக் கொதிக்கவைக்கும்.

தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால், என்ஜின் சூடான பின் ஹீட்டருக்குச் செல்லும் இரு ஹோஸ்களையும் தொடுங்கள். இரண்டும் சூடாக இருந்தும் காற்று குளிர்ந்தால், காற்றைத் திருப்பும் கதவின் கேபிள் கழன்றிருக்கிறது. ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், ஹீட்டரின் வால்வு மூடியிருக்கிறது அல்லது உள்ளே அடைப்பு உண்டு. அடைப்பை நீக்க, இரு ஹோஸ்களையும் கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் மிகக் குறைந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்துங்கள். முழு வேகத்தில் குழாய்நீரைத் திறந்தால் பழைய ஹீட்டர் ரேடியேட்டர் ஓட்டையாகிவிடும். அதை மாற்ற டாஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும்.

கூலன்ட் கலவையைப் பொறுத்தவரை, எத்திலீன் கிளைக்கால் பாதியும் நீர் பாதியும் சேர்ந்தது ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும் என்பதால், அதிகம் ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. நிறத்தை வைத்துக் கூலன்ட் வகையைத் தீர்மானிக்காதீர்கள். குப்பியில் உள்ள தரக்குறிப்பைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

ஹீட்டர் சுடுகிறது, ஆனாலும் உட்புறம் சூடாவதில்லை

இங்குதான் மாற்றியமைப்புகளுக்கு இடம் வருகிறது. காற்று புகும் வழிகளை முதலில் அடையுங்கள். முன்கண்ணாடிச் சட்டத்தில் கூரையைப் பூட்டும் கொக்கிகளை இறுக்கலாம். தட்டையாகிப்போன பீடிங்கை மாற்றலாம். கதவுக்கண்ணாடியின் சாய்வைச் சரிசெய்யலாம். ஒரு மெல்லிய காகிதத்தைக் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வரும் இடமே காற்று நுழையும் இடம். கியர் லீவரின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தாலும் குளிர்காற்றும் ஈரமும் ஓசையும் அதன் வழியே உள்ளே வரும். எம்எக்ஸ்-5இல் இது வழக்கமாகக் கிழியும் உறுப்பு.

அடுத்த பெரிய மாற்றம் ஹார்ட் டாப், அதாவது கழற்றி மாட்டக்கூடிய கெட்டியான கூரை. குளிர்காலத்தில் நாள்தோறும் ஓட்டுபவருக்கு இதைவிடப் பயன்தரும் மாற்றம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. சூடு தங்கும், பனியின் எடையைத் தாங்கும், உண்மையான கண்ணாடியுள்ள பின் சாளரம் கிடைக்கும். எம்எக்ஸ்-5இன் முதலிரு தலைமுறைகளுக்கும் ஒரே ஹார்ட் டாப் பொருந்தும். பின் கண்ணாடியில் சூடேற்றிக் கம்பிகள் இருந்தாலும், வண்டியில் அதற்கான வயரிங் இல்லாமல் இருக்கலாம். வாங்கும் முன் பாருங்கள். பொருத்த இருவர் வேண்டும். துணிக்கூரையை மடித்து அதன் அடியில் விடுவதாக இருந்தால், நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே மடித்து, சாளரத்தின் மடிப்பில் மென்துணியைச் சுருட்டி வையுங்கள். ஈரத்தோடு மடித்த கூரை வசந்தத்தில் பூஞ்சையோடு வெளிவரும். ஹார்ட் டாப் வண்டி கவிழ்ந்தால் காக்கும் கூண்டு அன்று என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இருக்கைச் சூடேற்றிகளைச் சேர்க்கும்போது மின்கணக்கைப் போடுங்கள். இரு இருக்கைகளுக்கும் சேர்த்து 8 முதல் 10 ஆம்பியர் வரை தேவைப்படலாம். முகப்பு விளக்கு, ஹீட்டர் விசிறி, பின் கண்ணாடிச் சூடேற்றி ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்தால், நெரிசலில் மெதுவாக ஓடும் பழைய ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்காது, பேட்டரி கரையும். தனி ஃபியூஸும் ரிலேயும் வைத்து, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் கிடைக்குமாறு இணைத்து, எல்லாவற்றையும் இயக்கிய நிலையில் பேட்டரியில் 13.5 வோல்ட்டாவது நிற்கிறதா என்று அளந்து பாருங்கள்.

உள்ளே புகைவாடை வருகிறது, ஓட்டும்போது தலைவலிக்கிறது

வண்டியை நிறுத்துங்கள், கண்ணாடிகளைத் திறந்து, வெளியே வாருங்கள். இதைச் சரிசெய்யும்வரை அந்த வண்டியை ஓட்டக் கூடாது. ஓடும் கன்வெர்டிபிளின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால், சைலன்சர் புகை திரும்பி, சாளரத்தின் விரிசல் வழியாகவும் டிக்கியின் தளர்ந்த பீடிங் வழியாகவும் உள்ளே இழுக்கப்படுகிறது. புகைக்கு வாடை உண்டு. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட், குழாய் இணைப்புகள், சைலன்சரின் துரு ஓட்டைகள், தரைத்தகட்டின் ஓட்டைகள் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். பனியில் சிக்கிய வண்டியில் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க நேர்ந்தால், முதலில் சைலன்சர் வாயை மூடியுள்ள பனியை அகற்றுங்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் ஒன்றை உள்ளே வைத்திருப்பது இந்த வகை வண்டிக்கு மிகையான எச்சரிக்கை ஆகாது.

பின்புறம் வழுக்குகிறது, ஏற்றத்தில் சக்கரம் வெறுமனே சுழல்கிறது

எடையைச் சேர்ப்பதும் டிஃபரென்ஷியலை (பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் பல்சக்கரத் தொகுதியை) மாற்றுவதும் பிறகு. முதலில் டயர்கள். ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது. மும்முகட்டு மலைக்குள் பனித்துகள் பொறிக்கப்பட்ட குறியுள்ள குளிர்கால டயர்களை நான்கு சக்கரங்களிலும் பொருத்துங்கள். பின்சக்கரங்களுக்கு மட்டும் போட்டால் வண்டி கிளம்பும், ஆனால் வளைவில் திரும்பாது. முன்சக்கரங்களுக்கு மட்டும் போட்டால் பின்புறம் சுழன்று முன்னால் வந்துவிடும். பனியில் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த பள்ளமுள்ள டயர் பயன் தராது. பக்கச்சுவரிலுள்ள நான்கிலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். பள்ளம் மிச்சமிருந்தாலும் வயதான டயர் இறுகியிருக்கும்.

வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் குறையும். ஆகவே கோடையில் நிரப்பிய காற்றோடு குளிர்காலத்தில் ஓட்டினால் அழுத்தம் போதாது.

பின்சக்கர விசை வண்டியில் எடை வைக்கிறவர்கள் மணல் மூட்டையை அச்சுக்கு நேர் மேலே, நகராதபடி கட்டி வைக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் வைத்தால் வழுக்கத் தொடங்கிய பின்புறத்தை அடக்குவது இன்னும் கடினமாகும். இரு அச்சிலும் எடை ஏறத்தாழ சமமாக இருக்கும் எம்எக்ஸ்-5 போன்ற வண்டிக்கு இதனால் ஆகும் பயன் சிறிதே. ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் ஏற்றத்தில் கிளம்ப உதவும். ஆனால் மெருகேறிய பனிக்கட்டியில் இரு பின்சக்கரங்களையும் ஒருசேரச் சுழலவைத்து வண்டியைப் பக்கவாட்டில் நழுவவிடும். தாழ்த்தப்பட்ட சஸ்பென்ஷன் பனியை வயிற்றால் உழும். குளிர்காலத்துக்கு மூல உயரத்துக்கே திரும்புங்கள். பனியில் கியரைச் சட்டென்று குறைத்தால் பின்சக்கரங்கள் பிடியை இழக்கும் என்பதால், வழுக்கும்போது கிளட்சை மிதித்து சக்கரங்களை விடுவிப்பதே முதற்செயல்.

ஹேண்ட் பிரேக் விடுபட மறுக்கிறது. பிரேக் ஒருபக்கம் இழுக்கிறது

கேபிளின் வெளியுறை கிழிந்து நீர் புகுந்தால் இரவில் உள்ளே உறைந்துவிடும். கட்டாயப்படுத்தி வண்டியைக் கிளப்பாதீர்கள். முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். தீர்வு புதிய கேபிள்தான். அதுவரை, சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒருபக்கம் இழுத்தாலோ ஒரு சக்கரம் மட்டும் சூடானாலோ, காலிப்பரின் நழுவு ஊசிகளைக் கழற்றி, துருவை நீக்கி, பிரேக்குக்குரிய சிலிக்கோன் கிரீஸ் இட்டுப் பொருத்துங்கள். பிரேக் ஆயில் நீரை உறிஞ்சும் தன்மை உள்ளது; இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

முதல் சில கிலோமீட்டர் கியர் விழ மறுக்கிறது

பழைய கியர் ஆயில் குளிரில் தடித்திருக்கிறது. 75டபிள்யூ-90 ஜிஎல்-4 தரத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஜிஎல்-5 ஆயிலிலுள்ள கந்தகக் கூட்டுப்பொருள்கள் சில கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையங்களைத் தாக்கக்கூடியவை என்பதால், கையேடு சொல்லாமல் அதை ஊற்றாதீர்கள். ஆயில் மாற்றிய பின்னும் சூடாகும்வரை இரண்டாவது கியர் சற்று முரண்டினால், அவசரப்படாமல் போடுங்கள். வற்புறுத்தினால் தேய்வது அந்த வளையங்களே.

கதவு முன்போல் மூடவில்லை. அடித்தகடு உப்பி நிற்கிறது

இது எல்லாவற்றிலும் கடுமையான அறிகுறி. கூரையில்லாத வண்டியின் வலிமை முழுவதையும் தரையும், கதவுகளுக்குக் கீழே ஓடும் இரு அடிப்பெட்டிகளும் தாங்குகின்றன. அவை உள்ளிருந்து துருவேறினால் வண்டி நடுவில் தொய்கிறது. அதை முதலில் காட்டுவது கதவின் இடைவெளி. கதவை மூடி மேல்விளிம்பின் இடைவெளியை அளந்துகொண்டு, வண்டியை ஜாக்கி வைக்கும் இடத்தில் தூக்கி மீண்டும் அளந்து பாருங்கள். குறிப்பிடத்தக்க மாற்றம் தெரிந்தாலோ, கதவு இடித்தாலோ, பனிச்சாலைக்குப் போகும் முன் வெல்டிங் தெரிந்த நல்ல தொழிலாளியிடம் காட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அடிப்பெட்டி முழுவதும் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி மங்கும் இடத்தில் துரு இருக்கிறது. பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலுள்ள மூலையில் தொடங்குங்கள். அடைபட்ட கூரை வடிகாலின் நீர் சேர்வது அங்கேதான். எம்எக்ஸ்-5இன் இரண்டாம் தலைமுறையில் முன்புற சேசிஸ் நீள்தண்டுகளையும் பார்க்க வேண்டும். பல அடுக்குத் தகடுகளால் ஆன அவை உள்ளிருந்து அரிக்கும் இயல்புடையவை.

துரு இன்னும் ஓட்டையாகாத வண்டிக்குக் குளிர் தொடங்கும் முன்பே பாதுகாப்பு செய்ய வேண்டும். அடிப்புறத்தைக் கழுவி, பல நாள் நன்றாக உலரவிட்டு, உதிரும் துருவைத் தேய்த்து நீக்கி, துரு மாற்றி (துருவை மேலும் பரவாத படலமாக மாற்றும் திரவம்) பூசி, அதன் மேல் மெழுகு அல்லது லானோலின் வகைப் பூச்சு இடுங்கள். அடிப்பெட்டிக்குள் நீண்ட குழல்முனை வழியாக மெழுகைத் தெளித்து, வேலை முடிந்ததும் வடிதுளைகள் அடைபடவில்லை என்பதைக் கம்பியால் உறுதிசெய்யுங்கள். கெட்டியான ரப்பர் பூச்சை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் ஒரு விரிசல் விழுந்தால் உப்புநீர் அடியில் புகுந்து, வெளியே தெரியாமலே தகட்டைத் தின்றுவிடும்.

சாலையில் உப்பு தூவும் காலத்தில், உறைநிலைக்கு மேல் வெப்பம் ஏறும் ஒவ்வொரு நாளையும் பயன்படுத்தி அடிப்புறத்தையும் சக்கர வளைவுகளின் உள்மடிப்பையும் நீரால் அலசுங்கள். கூரையின் தையல்களிலும் பீடிங்கிலும் உயரழுத்த நீரைப் பாய்ச்சக் கூடாது. அலசிய பின் வண்டியை உடனே நிறுத்திவிடாமல் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கைச் சிலமுறை மெல்ல மிதித்து உலர்த்திவிட்டு நிறுத்துங்கள்; ஈரமான பிரேக் கட்டைகள் இரவில் டிஸ்கோடு உறைந்து ஒட்டாமல் இருக்கும். கூரையுள்ள உலர்ந்த இடத்தில் நிறுத்தினால், கதவுக்கண்ணாடிகளை ஒரு விரலளவு இறக்கிவையுங்கள்.